நரம்பில்லாத உயிரியை நரம்பு நஞ்சு என்ன செய்யும்?

நெல் வயலை ஒட்டிய குட்டை ஒன்றின் நீரை நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்துவரும் நீங்கள் இரண்டு மாற்றங்களைக் கவனித்ததாக எழுதியிருக்கிறீர்கள். வயலுக்குக் குளோர்பைரிபாஸ் தெளித்த ஒரு வாரத்துக்குள் குட்டை முன்பைவிடப் பச்சையாகிவிட்டது. அதுவரை சொட்டுக்கு ஐந்தாறு என்று தென்பட்ட பாரமீசியம் அதன்பின் தேடினாலும் கிடைக்கவில்லை. நரம்பைத் தாக்கும் மருந்து நரம்பே இல்லாத ஒருசெல் உயிரியை எப்படிக் கொல்லும், கொல்லும் என்றால் பாசியை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்பது உங்கள் கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் குட்டையின் பாரமீசியங்களை அந்த மருந்து நேரடியாகக் கொன்றிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவை காணாமற்போனதில் அதற்குப் பங்கு இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி என்பவையெல்லாம் நாம் எதற்காக அவற்றை வாங்குகிறோம் என்பதைக் குறிக்கும் பெயர்கள். எந்தெந்த உயிரியில் அவை வேலை செய்யும் என்பதைக் குறிப்பவை அல்ல. ஒரு மருந்து எந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறதோ, அந்தப் புரதமோ அதற்கு நெருங்கிய உறவுடைய புரதமோ இருக்கும் எந்த உயிரியிலும் அது வேலை செய்யக்கூடும். குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. நரம்புகளுக்கே உரியது என்று பள்ளியில் நாம் படித்த இந்த நொதியின் செயல்பாடு பாரமீசியத்திலும் கண்டறியப்பட்டிருக்கிறது. நரம்பு தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே அசிட்டைல்கோலின் செல்களுக்கிடையே செய்தி சொல்லும் பொருளாகப் பயன்பட்டிருக்கிறது, நரம்பு பின்னால் வந்து அதை எடுத்துக்கொண்டது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இதைவிடத் தெளிவான சான்று டெல்டாமெத்ரின் என்ற பைரித்ராய்டு மருந்தில் இருக்கிறது. பாரமீசியம் நீந்திப் போகும்போது எதன்மீதாவது முட்டினால், சற்றுப் பின்வாங்கி, திசை திருப்பி, மறுபடி முன்னேறும்; இதை நீங்களே பலமுறை பார்த்திருப்பீர்கள். முட்டிய கணத்தில், உடலெங்கும் நுண்மயிர்போல் இருந்து அதை நீந்தவைக்கும் குற்றிழைகளின் சவ்வில் உள்ள கால்சியம் வாயில்கள் திறந்து, கால்சியம் உள்ளே பாய்ந்து, குற்றிழைகள் எதிர்த்திசையில் துடிப்பதால்தான் அது பின்னால் போகிறது. நம் நரம்பில் மின்துடிப்பு எழுவதற்கும் இதற்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை. டெல்டாமெத்ரின் கலந்த நீரில் பாரமீசியம் இயல்பைவிட அதிகமாகப் பின்னோக்கி நீந்துகிறது என்று 1990களின் இறுதியில் சோதனை வழியாகக் காட்டினார்கள். அந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இந்தக் கால்சியம் வாயில் வேலை செய்யாத ஒரு மரபணுப் பிறழ்வு வகையை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது. சதுரங்கத்தில் சிப்பாய்க்காய் பின்வாங்க முடியாது என்பதால் அந்த வகைக்கு ஆங்கிலத்தில் சிப்பாய்க்காயின் பெயரான ‘பான்’ என்பதையே வைத்திருக்கிறார்கள். பின்னால் நீந்தவே தெரியாத அந்தப் பாரமீசியத்தை டெல்டாமெத்ரின் பாதிக்கவில்லை. ஆகவே மருந்து பிடித்துக்கொண்ட இடம் அந்த வாயில்தான் என்று உறுதியாயிற்று. நரம்பில்லை என்பது பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

ஆனால் ‘பாதிக்கக்கூடும்’ என்பதற்கும் ‘உங்கள் குட்டையில் பாதித்தது’ என்பதற்கும் இடையே அளவு என்ற ஒன்று நிற்கிறது. செய்முறை வகுப்பில் மாணவர்கள் தெளிப்பானில் மிஞ்சிய மருந்துக் கரைசலில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, பாரமீசியம் சுழன்று, மேற்புறச் சவ்வில் குமிழ்குமிழாகப் புடைத்து, நீரை வெளியேற்றும் சுருங்கும் நுண்குமிழின் துடிப்பு நின்று, உடல் உப்பி, கடைசியில் வெடித்து உள்ளடக்கம் சிதறுவதைப் பார்த்துவிட்டு, மருந்தின் கொடுமையை நேரில் கண்டதாகச் சொல்வதுண்டு. சோப்பு நீரை விட்டாலும் கிட்டத்தட்ட இதே காட்சிதான் கிடைக்கும். புட்டியிலிருந்து மருந்தை டேங்கில் ஊற்றும்போது நீர் பால்போல வெளுக்கிறதல்லவா, அந்த வெண்மைக்குக் காரணம் மருந்து அல்ல. நீரில் கரையாத மருந்தைச் சிறுதுளிகளாக உடைத்து நீரில் மிதக்கவைக்கும் பால்மமாக்கியும் கரைப்பானுமே. தூய குளோர்பைரிபாஸ் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் கரையாது. தகட்டில் அவர்கள் விட்ட சொட்டிலோ லிட்டருக்கு 500 மில்லிகிராம் கணக்கில் மருந்தும் அதோடு கரைப்பானும் பால்மமாக்கியும் இருக்கும். செல்சவ்வு என்பது கொழுப்பாலான மெல்லிய ஏடு என்பதால் அதைக் குலைக்கும் வேலையைப் பால்மமாக்கியே செய்துமுடித்துவிடும்.

குட்டைக்குள் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்தை லிட்டருக்கு இரண்டரை மில்லி வீதம் கலப்பது வழக்கமான பரிந்துரை. அப்படிக் கலந்த ஒரு லிட்டர் கரைசலில் ஏறத்தாழ அரை கிராம் மருந்து இருக்கும். மருந்து அடித்து முடித்தவர் டேங்கின் அடியில் மிஞ்சிய ஒரு லிட்டரைக் குட்டையில் கொட்டி, டேங்கையும் அங்கேயே அலசிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். குட்டை பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்றால் அதில் ஒரு லட்சம் லிட்டர் நீர் இருக்கும். அரை கிராமை ஒரு லட்சம் லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். பாரமீசியம், டெட்ராஹைமினா போன்ற குற்றிழை உயிரிகளைக் கொல்ல இம்மருந்து பெரும்பாலும் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் முதல் மில்லிகிராம் அளவில் தேவைப்படும். ஆகவே அவற்றுக்கு இந்த 5 மைக்ரோகிராம் பெரிய ஆபத்தில்லை.

ஆனால் அதே குட்டையில் டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு இருக்கிறது. கண்ணுக்குப் புள்ளிபோலத் தெரிந்து, வெட்டி வெட்டி நீந்தும் இந்தச் சிற்றுயிர், பூச்சிகளுக்கு உறவுடைய ஓட்டுடலி வகை. நெதர்லாந்தின் வாகெனிங்கனில் 1990களில் செயற்கை வாய்க்கால்களில் குளோர்பைரிபாஸை வெவ்வேறு அளவில் விட்டுப் பார்த்தபோது, லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் வரைதான் நீர்வாழ் சமூகத்தில் பாதிப்புத் தென்படவில்லை. அதற்குமேல் முதலில் விழுந்தவை நீர்த்தெள்ளுகளும் பூச்சி இனங்களும். நம் கணக்கில் ஒரு டேங்கை அலசியதால் மட்டும் வந்த அளவு அந்த எல்லையைப்போல் ஐம்பது மடங்கு. பாசியையும் பாக்டீரியாவையும் குற்றிழை உயிரிகளையும் வடிகட்டித் தின்றுகொண்டிருந்த நீர்த்தெள்ளு ஒரே இரவில் காலி. மேய்ச்சல் நின்ற தரிசில் புல் வளர்வதுபோலப் பாசி வளர்ந்து நீர் பச்சையாகிறது. மருந்து பாசிக்கு உரமாகவில்லை. பாசியைத் தின்றவரை அப்புறப்படுத்தியது.

இதோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. உங்கள் ஊரில் மருந்து அடிக்கும் அதே வாரத்தில் யூரியா மேலுரம் இடும் வழக்கம் இருந்தால், பச்சைக்கு முதற்காரணம் யூரியாவாகவே இருக்கலாம். நானாக இருந்தால் முதலில் அதைத்தான் விசாரிப்பேன். பாரமீசியம் ஏன் மறைந்தது என்பதற்கும் பச்சையே விடையாக இருக்கக்கூடும். பாசி அடர்ந்த குட்டையில் நண்பகலில் ஒளிச்சேர்க்கை நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் பி.எச். அளவு 9-ஐத் தாண்டிவிடும்; விடியற்காலையில் பாசியே உயிர்வளியை மூச்சுவிட்டுத் தீர்த்திருக்கும். மட்கும் இலைதழையின் அருகே பாக்டீரியாவைத் தின்று வாழும் பாரமீசியத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் உகந்ததல்ல. நீர்த்தெள்ளு மறைந்த குட்டையில் சிறிய குற்றிழை உயிரிகள் பெருகுவதையும் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள் என்பதால், உங்கள் நுண்ணோக்கியில் பாரமீசியம் இல்லாத இடத்தில் அதைவிடச் சிறியதாகவும் வேகமாகவும் ஓடும் வேறு ஏதேனும் இருந்ததா என்று குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

பூச்சிக்கொல்லியைப் பற்றிக் கேட்டீர்கள். ஒருசெல் உயிரிகளின் பக்கமிருந்து பார்த்தால் அதைவிடக் கவலைப்பட வேண்டியது களைக்கொல்லிதான். நடவு முடிந்த மூன்றாம் நாள் எக்டேருக்கு ஒன்றேகால் கிலோ பூட்டாகுளோரை 50 கிலோ உலர்ந்த மணலில் கலந்து, வயலில் மெல்லிய அளவு நீர் நிறுத்தித் தூவி, அடுத்த இரண்டு நாளைக்கு நீரை வடிக்காமல் வைக்க வேண்டும் என்பது வேளாண் பரிந்துரை. நீர் இரண்டரை செ.மீ. உயரம் நின்றால் ஒரு எக்டேரில் இரண்டரை லட்சம் லிட்டர் இருக்கும். மருந்து முழுவதும் அதில் கரைந்தால் லிட்டருக்கு 5 மில்லிகிராம். மைக்ரோகிராம் அல்ல, மில்லிகிராம். பெரும்பகுதி சேற்றில் ஒட்டிக்கொள்ளும் என்றாலும், ஆய்வகத்தில் பச்சைப்பாசிகள் சிலவற்றின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்க இதில் மிகச் சிறு பகுதியே போதும். இரண்டு நாள் நீரை வடிக்காதே என்ற விதி களையைக் கொல்வதற்காகச் சொல்லப்பட்டது. வடிகாலுக்கும் குட்டைக்கும் அதுவே காவலாகவும் அமைகிறது. அந்த இரண்டு நாளில் ஒரு கோடைமழை வந்து வரப்பு வழிந்தால் கணக்கு மாறிவிடும்.

களைக்கொல்லிகள் ஒவ்வொன்றும் ஒருசெல் பாசியில் வெவ்வேறு இடத்தைப் பிடிக்கின்றன. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் இடும் அட்ரசின், பசுங்கணிகத்தில் டி1 என்ற புரதத்தில் போய் உட்கார்ந்து, ஒளியால் கிளம்பிய எலக்ட்ரான் அடுத்த இடத்துக்கு நகராமல் தடுத்துவிடும்; வெளிச்சத்தில் இருந்துகொண்டே பாசி பட்டினி கிடக்கும். ஆனால் ஒளியில்லாமலும் கரிமப்பொருளை உறிஞ்சி வாழத் தெரிந்த யூக்ளினா போன்றவை இதைத் தாக்குப்பிடித்து, போட்டியாளர் விழுந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். (யூக்ளினாவைச் சொன்னதால் ஒரு துணுக்கு: நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலுக்கு முன்பு தெளித்துவந்த ஸ்ட்ரெப்டோமைசின், ஆய்வகத்தில் அதிக அளவில் கொடுத்தால் யூக்ளினாவின் பசுங்கணிகத்தை நிரந்தரமாக இல்லாமலாக்கி, வெளுத்த யூக்ளினாப் பரம்பரை ஒன்றையே உருவாக்கிவிடும் என்று 1948-லேயே கண்டார்கள். வயல்நீரில் அந்த அளவு சேராது.) நிலக்கடலைக்கும் பருத்திக்கும் இடும் பென்டிமெத்தலின் இன்னொரு வகை. அது செல்லுக்குள் நுண்குழல்களைக் கட்டும் டியூபுலின் புரதத்தைப் பிடிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பம் தாவரங்களின் டியூபுலினையும் ஒருசெல் உயிரிகள் பலவற்றின் டியூபுலினையும் பற்றும். விலங்குகளின் டியூபுலினைப் பெரும்பாலும் விட்டுவிடும். கிளாமிடோமோனாஸ் என்ற ஒருசெல் பச்சைப்பாசி நீந்தப் பயன்படுத்தும் சாட்டை போன்ற கசையிழையை வெட்டிவிட்டால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் திரும்ப முளைத்துவிடும். இக்குடும்பத்து மருந்து நீரில் இருந்தால் முளைக்காது. செல் சாகவில்லை, எண்ணிக்கைக் கணக்கில் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் வெளிச்சத்தை நோக்கி நீந்திப் போக வழியில்லாமல் அடியில் கிடக்கிறது. மீனையும் நீர்த்தெள்ளையும் மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பாதிப்பு கண்ணில் படவே படாது.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியில் மறுபடியும் ‘கூடச் சேர்த்தது’ முந்திக்கொள்கிறது. தனிக் கிளைபோசேட்டைவிட அதை இலையில் ஒட்டவைக்கச் சேர்க்கும், விலங்குக் கொழுப்பிலிருந்து எடுக்கும் அமீன் வகைப் பரப்புச் செயலி (சோப்பு போன்ற பொருள்) ஒருசெல் உயிரிகளுக்கு அதிக நஞ்சு என்பதை டெட்ராஹைமினா உள்ளிட்ட பல உயிரிகளில் ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் கிளைபோசேட் கலவைகளில் அந்தச் செயலியைத் தடைசெய்தது. அர்ஜென்டினாவில் செயற்கைக் குளங்களில் கிளைபோசேட் கலவையான ரவுண்டப் களைக்கொல்லியை விட்டு நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில், ஓரளவு பெரிய பாசிகள் குறைய, மிக நுண்ணிய நீலப்பசும்பாசிகள் ஏறத்தாழ 40 மடங்கு பெருகின. கிளைபோசேட்டில் பாஸ்பரஸ் இருக்கிறது. அதை உடைத்து உணவாக்கத் தெரிந்த நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. ஆகவே ‘குளத்தில் பாசி கூடிற்றா, குறைந்ததா’ என்ற கேள்வியே போதாது; எந்தப் பாசி போய் எந்தப் பாசி வந்தது என்பதுதான் கேள்வி. இரண்டும் பச்சையாகத்தான் தெரியும்.

பூஞ்சாணக்கொல்லிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அசாக்சிஸ்ட்ரோபின் போன்றவை மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியை மறிப்பவை. மைட்டோகாண்ட்ரியா பூஞ்சைக்கு மட்டும் உரியதல்ல என்பதால் பாசி, குற்றிழை உயிரி எல்லாமே அதன் பிடிக்குள் வருகின்றன. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையிலுள்ள தாமிரம் பாசிக்கு எவ்வளவு கொடிது என்பதற்கு, 1904-லேயே அமெரிக்காவில் குடிநீர்த் தேக்கங்களின் பாசியை அழிக்க மயில்துத்தத்தைப் பரிந்துரைத்தார்கள் என்பதே போதும். கடினநீரில் தாமிரத்தின் வேகம் தணியும், மென்னீரில் ஏறும் என்பதால், மலைத்தோட்டத்து ஓடையும் சமவெளிக் குட்டையும் ஒரே அளவுக்கு ஒரேமாதிரி பாதிக்கப்படுவதில்லை.

நெல் வயலில் இவையெல்லாம் வெறும் அறிவியல் ஆர்வத்துக்கான செய்திகள் அல்ல. வயல்நீரில் உள்ள நீலப்பசும்பாசிகள் காற்றின் தழைச்சத்தை நிலைநிறுத்துகின்றன என்பதை பி. கே. டே 1930களில் டாக்காவில் ஆராய்ந்து நிறுவினார். (இழையாக வளரும் அனபீனா, நாஸ்டாக் ஆகியவற்றை ஒருசெல் உயிரி என்று சொல்ல முடியாது, ஆனால் அவற்றை விட்டுவிட்டு வயல்நீரைப் பற்றிப் பேசவும் முடியாது.) பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1980களில் செய்த ஆய்வுகளில், ஆஸ்ட்ரகாட் எனப்படும் கடுகளவு ஓட்டுடலிகள் இந்த நீலப்பசும்பாசியை மேய்ந்துவிடுவதால்தான் வயலில் இட்ட பாசி உரம் பல நேரம் எடுபடாமல் போகிறது என்றும், வேப்பங்கொட்டை கொண்டு அவற்றைக் கட்டுப்படுத்தினால் தழைச்சத்து நிலைநிறுத்தம் கூடுகிறது என்றும் கண்டார்கள். உங்கள் குட்டையில் நடந்ததாக நான் ஊகிக்கும் அதே மேய்ச்சல் கணக்கு இங்கே உழவருக்குச் சாதகமாகத் திரும்புகிறது. இதைக் காட்டி மருந்து நல்லது என்று வாதிட முடியாது. அடுத்த வாரம் தூவும் களைக்கொல்லி அதே நீலப்பசும்பாசியை வெளுக்கவைத்துவிடக்கூடும்.

ஒழுங்குமுறைச் சோதனைகள் இதையெல்லாம் பிடிக்குமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். மருந்துப் பதிவுக்கான வழக்கமான நீர்வாழ் சோதனைகளில் மீனுக்கு 96 மணி நேரம், நீர்த்தெள்ளுக்கு 48 மணி நேரம், பாசிக்கு 72 மணி நேரம் என்று கணக்கு இருக்கிறது. பச்சையமில்லாத ஒருசெல் உயிரிகளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. 2011-இல் அவற்றுக்கென வந்த பன்னாட்டு நெறிமுறையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் சேற்றில் உள்ளவற்றை முன்னிட்டது. எனக்கு இதில் உள்ள மனக்குறை, சோதனைகளின் எண்ணிக்கை குறைவு என்பதல்ல. ஒவ்வோர் உயிரியையும் தனித்தனிக் குடுவையில் வைத்துப் பார்க்கும் எந்தச் சோதனையும் தின்பவர் போனால் தின்னப்படுபவருக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. வேறொரு சிக்கலும் உண்டு. ஒரு நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறை காணும் உயிரிகளில் தாங்குதிறன் விரைவில் வந்துவிடும். டி1 புரதத்தின் 264-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், கிளாமிடோமோனாஸ் அட்ரசினைப் பொருட்படுத்துவதில்லை. பல ஆண்டுகள் மருந்து வடிந்த குட்டையில் பாசி செழித்திருந்தால் அது நலமான குட்டை என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் குட்டையில் நடந்தது எது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு சொட்டைப் பார்த்துச் சொல்லும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஒரே நேரத்தில், ஒரே ஆழத்தில், குட்டையின் நான்கைந்து இடங்களிலிருந்து எடுத்துக் கலந்த நீரில் பத்துச் சொட்டாவது எண்ணுங்கள். மருந்து படாத வேறொரு குட்டையிலும் அதே நாளில் அதையே செய்யுங்கள். ஒப்பீடு இல்லாத எண் எதையும் நிறுவாது. அடுத்த முறை மருந்து அடிப்பதற்கு முதல் நாளே தொடங்கி, பி.எச். தாளால் விடியற்காலையிலும் நண்பகலிலும் அளந்து, யூரியா இட்ட தேதியையும் மழை பெய்த தேதியையும் குறித்துவையுங்கள். வீட்டில் சோதிக்க விரும்பினால், வைக்கோல் ஊறிய நீரில் பாரமீசியம் வளர்த்து, குட்டையின் பச்சை நீரை மெல்லிய துணியில் வடித்து ஒரு குடுவையிலும், மருந்து படாத குட்டையின் நீரை இன்னொரு குடுவையிலும் ஊற்றி, இரண்டிலும் சம அளவு பாரமீசியத்தை விட்டு, நிழலில் வைத்து மூன்று நாள் பாருங்கள். பச்சை நீரிலும் அவை பிழைத்துப் பெருகினால் மருந்தின் மீதான சந்தேகம் பெரிதும் குறைந்துவிடும். புட்டி மருந்தைக் கையால் தொட்டுச் செய்யும் சோதனை எதையும் தயவுசெய்து செய்ய வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு ஒன்று செய்யுங்கள். வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றில் இரண்டு குவளை குட்டை நீரை ஊற்றி, நிழலில் ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். வெட்டி வெட்டி நீந்தும் புள்ளிகள் பக்கத்துக் குட்டையில் இருந்து, உங்கள் குட்டையில் ஒன்றுகூட இல்லை என்றால், பச்சைக்கான விடை அந்தத் தட்டிலேயே கிடைத்துவிடும். இரண்டிலும் இருந்தால் யூரியா இட்ட தேதியை விசாரிக்கலாம்.